தந்தையாரின் இரு தாங்கிகள்

பக்கவாதத்தால் என் தந்தையாரின் வலக்கையும் வலக்காலும் தளர்ந்தபோது இரு துணைக்கருவிகளைப் பொருத்தினார்கள். ஒன்று, மணிக்கட்டைத் தாங்கும் சிம்பு. மற்றொன்று, பாதம் தொங்காமல் நிறுத்தும் கணுக்கால் தாங்கி. சென்ற கோடையில் ஒருநாள் இரண்டையும் வெயிலில் நின்ற காரின் முன்கண்ணாடியடியில் வைத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் தாங்கி வைத்தபடியே இருந்தது. சிம்போ தட்டையாகத் துவண்டு கிடந்தது. இரண்டும் பிளாஸ்டிக்தான். பின் ஏன் இந்த வேற்றுமை? வேதியியல் மாணவனாகிய நான் விடை தேடினேன்.

சிம்பு, பாலிகாப்ரோலாக்டோன் என்னும் பலபடியால் ஆனது. வளைய வடிவான காப்ரோலாக்டோன் மூலக்கூறுகள் திறந்து ஒன்றோடொன்று இணைவதால் இது உண்டாகிறது. சங்கிலியில் ஐந்து மெத்திலீன் தொகுதிகளுக்கு ஓர் எஸ்டர் தொகுதி வரும். எஸ்டரின் பக்கத்துப் பிணைப்புகள் எளிதில் சுழல்வதால் சங்கிலி நன்கு நெகிழ்கிறது. ஆகவே படிகங்கள் சுமார் 60 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடுகின்றன. வெந்நீரில் இளக்கி, நோயாளியின் கைமீதே வைத்து வடிவமைக்க முடிவது இதனால்தான். மூடிய காருக்குள் கண்ணாடியடியில் அவ்வளவு வெப்பம் ஏறுவதும் அரிதன்று.

கணுக்கால் தாங்கி பாலிபுரொப்பிலீன். இதில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு மெத்தில் தொகுதி உண்டு. அவை தாறுமாறாக அமைந்தால் கிடைப்பது பிசுபிசுப்பான, வலுவற்ற பொருள். 1954-இல் இத்தாலிய அறிஞர் நாட்டா, சீக்லர் கண்ட வினையூக்கி வகையைக் கொண்டு, மெத்தில் தொகுதிகள் ஒரே பக்கம் அமைந்த பாலிபுரொப்பிலீனை ஆக்கினார். இருவருக்கும் 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒழுங்காக அமைந்த சங்கிலி, மூன்று அலகுகளுக்கு ஒரு சுற்றாகத் திருகிச் சுருளாகிறது. சுருள்கள் நெருங்கி அடுக்கிப் படிகமாகின்றன. உருகுநிலை சுமார் 165 டிகிரி. அடர்த்தியோ 0.9 தான், நீரில் மிதக்கும்.

இத்தாங்கி செய்யப்படுவதை நேரில் கண்டேன். சூட்டடுப்பில் வைத்த வெண்ணிறத் தகடு, பதம் வந்ததும் கண்ணாடிபோல் தெளிந்தது. ஒளியைச் சிதறடித்த படிகங்கள் உருகிவிட்டன என்பதே அதன் பொருள். தகட்டைக் காலின் பாரிஸ் சாந்து அச்சின்மீது போர்த்திக் காற்றை உறிஞ்சியதும் அது அச்சோடு ஒட்டிக்கொண்டது. ஆறியதும் மீண்டும் வெண்மை!

இவ்விரண்டிலும் சங்கிலிகளிடையே குறுக்குப் பிணைப்பு இல்லை. ஆதலால் மீண்டும் இளக்கலாம். 1968-இல் உருவான ஜெய்ப்பூர் பாதத்தின் ரப்பர் அப்படியன்று. கந்தகம் அதன் சங்கிலிகளைப் பிணைத்துவிடுவதால் அது மீண்டும் உருகாது.

துவண்ட சிம்பையும் வெந்நீரிலிட்டுத் திரும்ப வடிவமைத்துக் கொடுத்தார்கள். மெத்தில் தொகுதி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை நான் முன்பு தேர்வுக்காக மட்டுமே மனப்பாடம் செய்தேன். என் தந்தையார் வாசல் வரை நடந்து வருவதில் அதற்கும் பங்குண்டு என்பதை இப்போது அறிகிறேன்.