லிங்கனின் பதவியேற்பு உரைகளில் தன்மைப் பன்மை: நன்னூல் வழி ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் 1861, 1865 ஆகிய ஆண்டுகளில் ஆற்றிய இரு பதவியேற்பு உரைகளில் தன்மைப் பன்மை ஆளப்படும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. நன்னூல் கூறும் உளப்பாட்டு வேறுபாடு ஆய்வுக்கருவியாகக் கொள்ளப்படுகிறது. ஆங்கிலத்தில் ஒரே வடிவில் மறைந்து நிற்கும் உள்ளடக்கலும் விலக்கலும் தமிழ் இலக்கண நோக்கில் வெளிப்படுவதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

முன்னுரை

தேர்தல் களத்தில் ஒருவர் ஒரு கட்சியின் வேட்பாளர். பதவியேற்கும் நாளில் அவரே நாடு முழுமைக்கும் தலைவர். இவ்விரு நிலைகளையும் இணைப்பது பதவியேற்பு உரை. வாக்களிப்பில் பிரிந்து நின்றோரை ‘மக்கள்’ என்னும் ஒரு தொகுதியாக மீளக் கட்டுவதே இவ்வகை உரையின் முதற்பணி எனக் கார்லின் கோர்ஸ் கேம்பெல், கேத்லீன் ஹால் ஜேமிசன் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். கசப்பு மிகுந்த தேர்தலுக்குப் பின் 1801-இல் பதவியேற்ற தாமஸ் ஜெஃபர்சன், அனைவருமே இரு கட்சிகளுக்கும் உரியவர் என அறிவித்தது இதற்குத் தக்க சான்று.

இப்பணியைப் பெரிதும் சுமப்பது தன்மைப் பன்மைச் சொல்லாகும். ஆங்கிலத்தில் அச்சொல் கேட்போரை உள்ளடக்கும் இடத்தும் விலக்கும் இடத்தும் ஒரே வடிவில் நிற்கிறது. எனவே அது எவரைக் குறிக்கிறது என்னும் வினா பெரும்பாலும் எழாமலே போகிறது. தமிழில் அவ்வினாவைத் தவிர்ப்பது அரிது.

உளப்பாடும் நன்னூலும்

தன்மைப் பன்மை என்பது ‘நான்’ என்பதன் பெருக்கம் அன்று. பேசுவோன் தன்னொடு பிறரைச் சேர்த்துக்கொள்வதே அதன் இயல்பு. சேர்க்கப்படுவோர் யார் என்பதை நன்னூல் வினையியல் மூன்றாகப் பகுக்கிறது. அம், ஆம் விகுதிகள் முன்னிலையாரைத் தன்மையொடு சேர்க்கும். எம், ஏம், ஓம் விகுதிகள் படர்க்கையாரைச் சேர்க்கும். க, ட, த, ற ஆகியவற்றை ஊர்ந்து வரும் உம் விகுதி இரு சாராரையும் சேர்க்கும்.

இக்காலத் தமிழில் ‘ஓம்’ விகுதி எங்கும் பரவிவிட்டது. வேறுபாடு ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் பெயர்களில் நிலைபெற்றுள்ளது. கேட்போர் உள்ளனரா என்பதை இவ்விணை காட்டும். ஆனால், அவையில் இல்லாத படர்க்கையாரும் ‘நாம்’ என்பதில் அடங்குவரா என்பதை அது காட்டாது. நன்னூலின் மூன்றாம் பகுப்பு அவ்வினாவை எழுப்பத் துணைசெய்கிறது. அரசியல் உரைகளை ஆராய இப்பகுப்பு மிகவும் பயன்படும்.

1861: முன்னிலையை உளப்படுத்தல்

1861 மார்ச் 4 அன்று லிங்கன் பதவியேற்றபோது ஏழு தென்மாநிலங்கள் பிரிந்து சென்றிருந்தன. ஜெஃபர்சன் டேவிஸ் பிப்ரவரியிலேயே அவற்றின் தலைவராகப் பதவியேற்றிருந்தார். ஏறத்தாழ 3,600 சொற்கள் கொண்ட லிங்கனின் உரை பெரும்பகுதியும் சட்ட வாதமாகவே செல்கிறது.

இவ்வுரையில் தன்மைப் பன்மை ஒரே நிலையில் நிற்கவில்லை. தம் கட்சியின் 1860-ஆம் ஆண்டுத் தீர்மானம் ஒன்றை லிங்கன் எடுத்துக்காட்டுகிறார். மாநிலங்களின் மீது படையெடுப்பதைக் கண்டிக்கும் அத்தீர்மானத்தின் தன்மைப் பன்மை, கட்சி மாநாட்டினரை மட்டுமே குறிக்கும். தமிழில் அது ‘நாங்கள்’ என்றே அமையும். நிலவியல்படி நாட்டின் இரு பகுதிகளும் விலகிச் செல்ல இயலாது என அவர் வாதிடும் இடத்திலோ தென்னவரும் உள்ளடங்குவர். ஆகவே அங்கு ‘நாம்’ என்பதே பொருந்தும்.

இறுதிப் பகுதியில் மனக்குறையுற்ற தென்னாட்டாரை அவர் முன்னிலையில் விளிக்கிறார். உள்நாட்டுப் போர் பற்றிய முடிவு அவர்கள் கையிலேயே உள்ளது. அரசைச் சிதைப்பதற்கு அவர்கள் உறுதிமொழி ஏற்கவில்லை. அதைக் காப்பதற்கான உறுதிமொழியைத் தாம் ஏற்கப்போவதாகக் கூறுகிறார். அக்காலத்தில் உரைக்குப் பின்னரே உறுதிமொழி ஏற்கப்பட்டதால் எதிர்காலம் இங்கு இடம்பெறுகிறது. லிங்கனின் முதல் வரைவு, அமைதியா வாளா என்னும் வினாவுடன் முடிந்திருந்தது. வில்லியம் சீவார்டு பரிந்துரைத்த இணக்கமான முடிவை அவர் தம் நடையில் திருத்தி அமைத்தார். இதனால் ‘நீங்கள்–நான்’ என்னும் எதிர்நிலை, பகைவர் அல்லர், நண்பரே என்னும் ‘நாம்’ ஆக மாறியது.

இந்த ‘நாம்’ விலையின்றிக் கிட்டவில்லை. அடிமைமுறை நிலவும் மாநிலங்களில் அதில் தலையிடும் நோக்கம் தமக்கு இல்லை என அதே உரை உறுதியளிக்கிறது. தப்பியோடியவர்களை மீள ஒப்படைக்கும் அரசமைப்புக் கடமையையும் ஏற்கிறது. நட்புக்கு அழைக்கப்பட்டவர் அடிமைகளின் உடைமையாளர். அடிமைகளோ பேசப்படும் பொருளாக, படர்க்கையிலேயே நிற்கின்றனர். அடிமைநிலையிலிருந்து தப்பி வந்த சிந்தனையாளர் பிரெடரிக் டக்ளஸ் இவ்வுரையைக் கடுமையாகச் சாடியதன் காரணம் இங்குப் புலனாகிறது.

1865: முன்னிலை மறைதல்

1865 மார்ச் 4 அன்று ஆற்றிய இரண்டாம் உரை ஏறத்தாழ 700 சொற்களே கொண்டது. ‘நான்’ என்பது எழுவாயாக ஒரே ஓர் இடத்தில் வருகிறது. ‘நீங்கள்’ என்பது ஓரிடத்தும் இல்லை. 1861-இல் முன்னிலையில் நின்ற தென்னவர், இங்கு ‘இரு தரப்பினர்’ என்னும் தொடருக்குள் வடவரோடு ஒருங்கு நிற்கின்றனர். போர் மூண்டதைக் கூறும் தொடரில் போரே எழுவாய். அதை மூட்டியவர் அங்கு எழுவாய் ஆகவில்லை.

ஆயினும், இச்சமநிலை பிறழும் இடம் ஒன்றுண்டு. தொடக்கத்தில் படைகளின் முன்னேற்றத்தைக் குறிக்கும்போது லிங்கன் தன்மைப் பன்மை உடைமைச் சொல்லை ஆள்கிறார். அப்படை ஒன்றியப் படையே. அவையில் இருப்போரை நோக்க ‘நம் படை’ என்பது பொருந்தும். ஆனால் அந்த ‘நம்’ தென்னவரை உள்ளடக்காது. பின்வரும் பகுதிகளில் தீர்ப்பிடாதிருத்தல், போர் ஒழிய வேண்டுதல், நாட்டின் காயங்களுக்குக் கட்டிடுதல் என அதே சொல் விரிகிறது. இவ்விரிவே உரையின் உள்ளியக்கம் எனலாம்.

அடுத்து நோக்கத்தக்கது அடிமைகளின் இடம். மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்கினர் அடிமைகள் என்றும், அவர்களைச் சார்ந்த நலனே போருக்குக் காரணம் என்றும் லிங்கன் கூறுகிறார். அக்குற்றத்தைத் தென்னாட்டு அடிமைமுறை என்னாது அமெரிக்க அடிமைமுறை என்றே சுட்டுகிறார். போர் என்னும் தண்டனை வடக்கு, தெற்கு இரண்டிற்கும் உரியதாகிறது. 250 ஆண்டு ஊதியமற்ற உழைப்பால் குவிந்த செல்வம் போரில் அழிவதும், சவுக்கடியில் சிந்திய குருதிக்கு வாள் ஈடு செய்வதும் இறைநீதியாகலாம் என்கிறார். கடன்பட்டோர் இரு தரப்பினர். கடனுக்கு உரியோர் அடிமைகள். 1861-இல் பேரத்தின் பொருளாக நின்ற படர்க்கையார் 1865-இல் அறத்தின் அளவுகோலாகின்றனர். ஆயினும் அவர்கள் இன்னும் படர்க்கையாரே.

மொழிபெயர்ப்பு எழுப்பும் வினா

தமிழில் எழுவாயை மறைத்து ‘வேண்டுகிறோம்’ எனப் பெயர்த்து, ‘நாம்’ – ‘நாங்கள்’ தேர்வைத் தவிர்க்கலாம். உடைமைச் சொல்லில் அவ்வாறு தப்ப இயலாது. மேலும், ‘நாம்’ எனத் தேர்ந்த பின்னும் வினா எஞ்சுகிறது. குற்றத்துக்குப் பொறுப்பேற்கும் ‘நாம்’ என்பதில் அடிமைகளைச் சேர்ப்பது அநீதி. காயம் ஆற்றும் ‘நாம்’ என்பதில் அவர்களைச் சேர்க்காமை அதனினும் அநீதி. ஒன்றியப் படையில் பணிபுரிந்த கறுப்பின வீரர் ஏறத்தாழ 1,80,000 பேர். எனவே, போர்ச்சுமை தாங்கியவனையும் அவன் மனைவி மக்களையும் பேணுமாறு உரை வேண்டும்போது அவர்களும் அதில் அடங்குதல் கூடும். ஆனால் உரை அதை வெளிப்படையாகக் கூறவில்லை. அந்நாளில் அவையில் இருந்த டக்ளஸ், இவ்வுரையைப் புனித முயற்சி எனப் பின்னர் லிங்கனிடமே பாராட்டினார். 1861-இல் சாடியவரே இவ்வாறு பாராட்டியது, இரு உரைகளுக்கும் இடையிலான தொலைவைக் காட்டுகிறது.

முடிவுரை

1861-ஆம் ஆண்டு உரை முன்னிலையாரை உளப்படுத்த முயன்று படர்க்கையாரை விலக்கியது. 1865-ஆம் ஆண்டு உரை முன்னிலை என்னும் எதிர்நிலையை நீக்கிப் படர்க்கையாருக்கு அறவுரிமை அளித்தது. எனினும் இரு சாராரையும் ஒருங்கே உளப்படுத்தும் நிலையை இலக்கண அளவில் எய்தவில்லை. பதவியேற்பு உரையின் ‘நாம்’ எத்துணைப் பேரைச் சேர்க்கிறது என்பதோடு, அதன் பொருட்டு எவர் படர்க்கையில் நிறுத்தப்படுகின்றனர் என்பதும் ஆராயப்பட வேண்டும். அவ்வாய்வுக்கு நன்னூலின் முப்பகுப்பு இன்றும் தகுதியான கருவியாக விளங்குகிறது.