தடை கண்டு நிற்கும் வண்டி: உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு ரோபோ பாடம்

நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் உதவியால் 10,000 பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடங்கள் ஏற்பட்டுள்ளன. 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளின் மாணாக்கர் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். கையேட்டைப் பார்த்துப் பகுதிகளைப் பொருத்தி, பிறர் எழுதிய கட்டளைத் தொடரை ஏற்றினாலும் வண்டி ஓடும்; ஆயின் அதனால் மாணாக்கர் வடிவமைப்பைக் கற்றவராகார். அளந்து, கணித்து, சோதித்துத் திருத்துவதே வடிவமைப்பாகும்.

ரோபோவின் வேலை மூன்று பகுதிகளைக் கொண்டது: உணர்தல், தீர்மானித்தல், செயற்படுதல். தடை கண்டால் நிற்கும் சிறு வண்டி இம்மூன்றையும் விளக்கப் போதுமானது. இரண்டு மோட்டார்கள், ஒரு மின்கலத் தொகுதி, மோட்டாருக்கு மின்சாரம் செலுத்தும் சுற்று, ஆர்டுயினோ போன்ற கட்டுப்பாட்டுப் பலகை, மீயொலி உணர்கருவி ஆகியன தேவைப்படும்.

உணர்கருவி செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் காலத்தை அளக்கிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். 20 செ.மீ. தொலைவிலுள்ள சுவருக்கு ஒலி சென்று திரும்பும் வழி 40 செ.மீ.; அதற்கு ஏறத்தாழ 1.17 மில்லி விநாடி ஆகும். காலத்தை வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டுவதன் காரணத்தை மாணாக்கரே கூறுதல் நன்று.

அடுத்து, வண்டி எத்தொலைவில் நிறுத்தக் கட்டளை பெறவேண்டும் என்பதைக் கணிக்க வேண்டும். வண்டி விநாடிக்கு 40 செ.மீ. ஓடுவதாகவும், கருவி விநாடிக்கு 10 முறை அளப்பதாகவும் கொள்வோம். இரு அளவீடுகளுக்கிடையே வண்டி 4 செ.மீ. நகர்ந்துவிடும். மோட்டார் நின்றபின் அது மேலும் 5 செ.மீ. உருண்டால், குறைந்தது 9 செ.மீ. தேவை. 3 செ.மீ. பாதுகாப்பாகச் சேர்த்து 12 செ.மீ. எனக் கொள்ளலாம். புதிய மின்கலத்தில் வேகம் கூடும். வழவழப்பான தரையில் உருளும் தூரம் கூடும். ஆகையால் அந்நிலைகளிலேயே அளத்தல் வேண்டும்.

கட்டளைத் தொடரை முதலில் தமிழில் எழுதுவிக்கலாம்: “தூரத்தை அள, 12 செ.மீ. அல்லது அதற்குக் குறைவாயின் நில், அன்றேல் முன்செல், மீண்டும் தொடக்கத்திற்குப் போ.” அளக்கும் கட்டளை இச்சுழற்சிக்கு வெளியே அமைந்துவிட்டால், வண்டி ஒரே முறை அளந்துவிட்டுச் சுவரில் மோதும். ஆசிரியர் உடனே திருத்தாது, பிழையை மாணாக்கரே கண்டறிய இடமளிக்க வேண்டும்.

திரைச்சீலை ஒலியை உறிஞ்சும். சாய்ந்த பலகை அதனை வேறு திசையில் திருப்பும். இரண்டிலும் எதிரொலி வாராது போகலாம். அப்பொழுது வண்டி என்ன செய்ய வேண்டும்? வழி தடையற்றது எனக் கொண்டால் மோத நேரும். நிற்பின் வேலை தடைப்படும். ஐயம் ஏற்பட்டால் நிற்பதே காப்பானது. எனினும் திறந்த வெளியிலும் எதிரொலி வாராதாகையால், அவ்வண்டி அங்கே ஓடாது. எந்நன்மைக்காக எதனை இழப்பது என்று மாணாக்கர் விவாதித்து முடிவு செய்தல் பாடத்தின் முக்கியப் பகுதியாகும்.

பள்ளிகளைப் பார்வையிடும் அலுவலர் காட்சிக்கு வைத்த ரோபோக்களை எண்ணுவதோடு நில்லாது, மாணாக்கரின் அளவீட்டுக் குறிப்பேட்டையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். வேகத்தை இரு மடங்காக்கினால் வண்டி எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லி, பின்னர் ஓட்டிக் காட்டும் மாணாக்கரே இப்பாடத்தைக் கற்றவராவர்.