மோட்டார் வண்டியின் கூரைமேல் விளைபொருட் பெட்டிகளைக் கட்டும் முறை

திருப்போரூர், கேளம்பாக்கம் முதலிய பகுதிகளில் விளையும் கீரை, கத்தரி, கொய்யா முதலியவை அடையாறு, மயிலாப்பூர், தியாகராயநகர் ஆகிய இடங்களுக்கு ஜீப்பிலும் வேனிலும் கொண்டுவரப்படுவதுண்டு. உள்ளே இடம் போதாதபோது, கூரைமேலுள்ள கேரியரில் பெட்டிகளை அடுக்கிக் கட்டுவது வழக்கம். அக்கட்டுத் தளர்ந்து ஒரு பெட்டி விழுமானால் நஷ்டம் சரக்கோடு நிற்பதில்லை. பின்னால் இருசக்கர வண்டியில் வருபவருடைய உயிருக்கும் அபாயம் நேரும். ஆதலின் கட்டும் முறையை விவசாயிகள் செவ்வையாக அறிந்திருத்தல் அவசியம்.

மாட்டுவண்டியில் பாரம் கட்டிய பழக்கம் இங்கே முழுதும் உதவாது. மாட்டுவண்டி நடை வேகத்திற் செல்வது. பாரம் சரியாதபடி மேலே ஒரு கயிறு போட்டால் அங்கே போதும். மோட்டார் வண்டியோ மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அவ்வேகத்தில் 2 மீட்டர் உயரத்திலிருந்து விடுபடும் பெட்டி, தரையைத் தொடுமுன் ஏறத்தாழ 10 மீட்டர் தூரம் முன்னோக்கிப் பாயும். காற்றின் வலிமையும் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வது. 40 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 80 கிலோமீட்டரில் அது நான்கு மடங்காகும்.

பாரத்தின் அளவு

கூரை தாங்கக்கூடிய எடை, வண்டியுடன் தரப்படும் கைப்புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கும். கேரியரின் எடை, வெறும் பெட்டிகளின் எடை, சரக்கின் எடை ஆகிய மூன்றையும் கூட்டியே அதனுடன் ஒப்பிட வேண்டும். கேரியருக்கென்று தனி எல்லை குறித்திருந்தால், இரண்டில் குறைந்ததையே கொள்ளவேண்டும். கனமான பெட்டிகளை வண்டியினுள்ளே வைத்து, இலேசானவற்றை மாத்திரம் மேலே ஏற்றுவது உத்தமம். மேலே கனம் கூடக்கூட வளைவுகளில் வண்டி சாய்ந்து கவிழும் அபாயமும் கூடும்.

கட்டு எவ்வளவு தாங்கவேண்டும்

கட்டானது முன்னோக்கிப் பாரத்தின் எடையில் பத்தில் எட்டுப் பங்கையும், பக்கங்களிலும் பின்னோக்கியும் பாதியையும் தாங்கவேண்டுமென்பது ஐரோப்பிய நாடுகளில் அநுசரிக்கப்படும் அளவு. இதன்படி, 20 கிலோ வீதம் மூன்று பெட்டிகள் ஏற்றினால் மொத்தம் 60 கிலோ. திடீரென்று பிரேக் போடும்போது 48 கிலோ எடைக்குச் சமமான பலம் அவற்றை முன்னே தள்ளும். பலர் மேலிருந்து அழுத்தும் கயிற்றை மாத்திரம் போட்டுவிட்டு, முன்பக்கத்தைக் கவனியாது விடுகின்றனர். இதனாற் கேடு விளையக்கூடும்.

கயிறும் பட்டையும்

நைலான் கயிறு பாரத்தில் நீளும் தன்மையுடையது. நனைந்தால் பின்னும் தளரும். வெயிலிற் கிடந்த பிளாஸ்டிக் கயிறு நாளடைவில் இற்றுப்போகும். ரப்பர்க் கயிறு தார்ப்பாயை அடக்கி வைக்கப் பயன்படுமேயன்றிப் பெட்டியைத் தாங்க உதவாது. பாலியெஸ்டர் நூலால் நெய்து, இறுக்கும் ராட்செட் பூட்டு வைத்த பட்டையே சிறந்தது. அது அதிகம் நீள்வதில்லை. தாங்கும் திறன் அதன் அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். ஓரம் கிழிந்த பட்டையைக் கழித்துவிட வேண்டும். கூரான விளிம்பின்மேல் பட்டை செல்லுமிடத்தில் மடித்த கோணித்துண்டு வைத்தல் நலம்.

கட்டும் வகை

முதலில் கேரியரின் கம்பிகள்மேல் ரப்பர் விரிப்பை இடவேண்டும். ஈரமான இரும்பின்மேல் பிளாஸ்டிக் பெட்டி எளிதில் வழுக்கும். ரப்பர் அதைப் பிடித்து நிறுத்தும். பின்னர், முன்வரிசைப் பெட்டிகளைக் கேரியரின் முன்சட்டத்தில் முட்டும்படி வைத்து, இடைவெளியின்றி அடுக்கவேண்டும். இடைவெளி நேர்ந்தால் வெறும் சாக்குகளைச் சுருட்டி அடைக்கலாம். ஒரே அடுக்காக வைப்பது நல்லது.

அதன்பின் ஒவ்வொரு வரிசைக்கும் குறுக்கே ஒரு பட்டை போட்டு, இருபுறமும் கேரியரின் கம்பியிற் பூட்டி இறுக்கவேண்டும். இது பெட்டியை மேலிருந்து அழுத்தும். இத்துடன் மற்றொரு பட்டையை முன்வரிசையின் முகப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, இரு நுனிகளையும் பின்பக்கக் கம்பிகளிற் கட்டவேண்டும். பிரேக் போடுகையில் பாரத்தைத் தடுத்து நிறுத்துவது இதுவே. பின்பக்கத்திற்கும் இவ்வாறே ஒன்று அவசியம். பட்டைகளைக் கதவின் கைப்பிடியிலோ, மழைநீர் வடியும் தகட்டிலோ மாட்டலாகாது. மிஞ்சிய நுனிகளைச் சுற்றி முடிந்துவிட வேண்டும்.

கட்டியபின் பெட்டியைக் கையாற் பிடித்துக் குலுக்கிப் பார்க்கவேண்டும். வண்டி முழுதும் அசைந்து, பெட்டி மாத்திரம் தனியே அசையாதிருந்தால் கட்டு சரியானது. புறப்பட்டுப் பத்துக் கிலோமீட்டர் சென்றதும், பின்னர் நிற்குமிடந்தோறும், பட்டைகளை மீண்டும் இறுக்கவேண்டும். சரக்கு அமர்ந்து கட்டுத் தளர்வது இயல்பு.

நகரத்தினுள்

பாரத்துடன் வண்டியின் மொத்த உயரத்தை அளந்து, ஓட்டுபவர் கண்ணிற் படும்படி எழுதி வைக்கவேண்டும். மேற்கு மாம்பலத்தையும் தியாகராயநகரையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற இடங்களில் இவ்வளவு தெரியாமல் நுழைவது கூடாது. அடையாற்றுத் தெருக்களில் தாழ்ந்த மரக்கிளைகளும், பாலங்களின்மேல் பக்கவாட்டில் வீசும் கடற்காற்றும் கவனிக்கத்தக்கவை. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் ஜன நெருக்கம் அதிகம். அங்கே பட்டையை அவிழ்ப்பவர் சாலைப்பக்கம் நில்லாமல், ஓரத்தில் நின்று, பெட்டி சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தபின்பே அவிழ்க்கவேண்டும்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின்படி, பாரம் அனுமதித்த எல்லைக்கு மேல் பக்கங்களிலோ, முன்னோ பின்னோ, உயரத்திலோ நீண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதமும், அதை இறக்கும் செலவும் விதிக்க இடமுண்டு. புதிதாகக் கேரியர் பொருத்த விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்தறிதல் வேண்டும்.

ராட்செட் பட்டைகளுக்காகும் செலவு, ஒரு பெட்டிச் சரக்கு சாலையில் சிதறுவதால் உண்டாகும் நஷ்டத்தோடு ஒப்பிடப் பெரிதன்று. ஓர் உயிருக்கோ ஈடு கிடையாது. கிராம உத்தியோகஸ்தர்களும் அநுபவமிக்க விவசாயிகளும் அறுவடைக்கு முன்னர் ஒருநாள் வண்டியோட்டுவோரைக் கூட்டி, இம்முறையைச் செய்து காட்டுவார்களாயின் மிக்க பயன் விளையும்.