வரம் கொடுப்பவனின் பொறுப்பு



"நீங்க சாஃப்ட்வேர்தானே எழுதுறீங்க? இதுல என்ன ஆபத்து வரப்போகுது?" எங்கள் மாணவர் திட்டத்தைப் பற்றிச் சொன்னபோது ஒரு நண்பன் இப்படிக் கேட்டான். உண்மையைச் சொன்னால், ஆறு மாதத்துக்கு முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன். திட்டத்துக்கான பாதுகாப்புப் படிவத்தில் "ஆபத்துகள் யாவை?" என்ற இடத்தில், "இல்லை. கணினி வேலை மட்டுமே" என்று எழுதிக் கொடுத்தேன். படிவம் திரும்பி வந்தது. அந்த ஒரு வரி ஏன் தவறு என்பதே இந்த மாதப் பாடம்.

எங்கள் திட்டம்

உயிரணுவுக்குப் புதிய வேலை ஒன்றைக் கற்றுக்கொடுக்கும் துறைக்குச் செயற்கை உயிரியல் என்று பெயர். உயிரணுவுக்கான கட்டளைகள் டி.என்.ஏ.வில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் இருக்கின்றன. அவற்றை மூன்று மூன்றாகப் படித்து உயிரணு புரதங்களைக் கட்டுகிறது. ஒரே புரதத்தைப் பல விதமாக எழுதலாம். நம் ஊரில் ஒரே பொருளுக்கு ஒருவர் ஒரு சொல்லும் இன்னொருவர் வேறு சொல்லும் பேசுவதில்லையா? அதுபோல ஈஸ்ட்டுக்கு ஒரு பழக்கம், ஈ.கோலை பாக்டீரியாவுக்கு இன்னொரு பழக்கம். நாம் கொடுக்கும் புரதத்தை அந்தந்த உயிரணுவின் பழக்கத்துக்கு ஏற்ப டி.என்.ஏ. எழுத்துகளாக மாற்றித் தருவதுதான் எங்கள் நிரலின் வேலை. அந்த எழுத்துகளை அனுப்பினால், உண்மையான டி.என்.ஏ.வாகத் தயாரித்து அனுப்பிவைக்கும் நிறுவனங்கள் உலகில் பல உண்டு.

ஒரு சனிக்கிழமை, செபராங் ஜெயாவில் எங்கள் வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து நிரலைச் சோதித்துக்கொண்டிருந்தோம். தாமானில் டிங்கிக்காகப் புகை அடித்ததால் சன்னல்கள் மூடியிருந்தன. அப்போது எங்களில் ஒருத்தி விளையாட்டாக, பொதுத் தரவுத்தளத்தில் இருந்த நிப்பா வைரஸின் புரதம் ஒன்றை எடுத்து உள்ளிட்டாள். இரண்டு வினாடியில் விடை வந்தது, பக்கத்தில் பச்சை நிற "சரி" குறியோடு. யாரும் சிரிக்கவில்லை.

நிப்பா நமக்குப் புதிதல்ல

நிப்பா என்பது நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர். 1998, 1999ஆம் ஆண்டுகளில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களிடையே பரவிய அந்த நோய், நம் நாட்டில் 105 உயிர்களைக் கொண்டுபோனது. முதலில் அதைக் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்தார்கள். அதற்கான தடுப்பூசியும் போட்டார்கள், புகையும் அடித்தார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், இது வேறு வைரஸ் என்று கண்டுபிடித்த பிறகே சரியான வழி தெரிந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. "அந்த வருஷம் சந்தைக்குப் போகவே பயமா இருந்துச்சு" என்று அம்மா இன்றும் சொல்வார்.

ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு புரதம் ஒரு வைரஸ் ஆகிவிடாது. தடுப்பூசி தயாரிக்க முயலும் ஆய்வாளருக்கும் அதே புரதம் தேவைப்படலாம். ஆனால் எங்கள் நிரல், "யார் நீ? எதற்குக் கேட்கிறாய்?" என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதுதான் எங்களை உறுத்தியது.

பஸ்மாசுரன் கதை

யார் தலையில் கை வைத்தாலும் அவர் சாம்பலாக வேண்டும் என்று பஸ்மாசுரன் வரம் கேட்டான். தவத்துக்கு இரங்கிய சிவபெருமான் கொடுத்தார். வரம் வேலை செய்கிறதா என்று அவன் அவர் தலையிலேயே சோதிக்கத் துணிந்தான். திருமால் மோகினியாக வந்து, ஆட வைத்து, அவன் கையை அவன் தலையிலேயே வைக்கச் செய்தார். வரம் கொடுத்தவன் தலையிலேயே கை வைக்கிறான் என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

இறைவனின் கருணையை எடைபோட நமக்குத் தகுதியில்லை. ஆனால் நமக்கான பாடம் தெளிவாக இருக்கிறது. கருவி செய்பவனும் ஒரு வகையில் வரம் கொடுப்பவன்தான். இணையத்தில் வெளியிட்ட நிரலைத் திரும்ப வாங்க முடியாது. நமக்காக எந்த மோகினியும் வரமாட்டாள்.

இது வெறும் பயம் அல்ல. 2002இல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எக்கார்ட் விம்மரின் குழு, விலைக்கு வாங்கிய டி.என்.ஏ. துண்டுகளை இணைத்துப் போலியோ வைரஸை உருவாக்கிக் காட்டியது. அது ஆய்வுக்காகச் செய்யப்பட்டது என்றாலும், எழுத்திலிருந்து வைரஸ் வரும் என்பது அன்று உறுதியானது. 2009இல் டி.என்.ஏ. தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் ஒன்றுகூடி, வரும் ஆர்டரையும் அதைக் கேட்கும் ஆளையும் சரிபார்க்கும் பொது விதிமுறை ஒன்றை வகுத்தன. மென்பொருளுக்கும் ஓர் உதாரணம் உண்டு. நச்சுத்தன்மையைத் தவிர்த்து மருந்து தேடும் செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்றை, அமெரிக்க ஆய்வாளர்கள் சோதனைக்காகத் தலைகீழாகத் திருப்பி நச்சைத் தேடச் சொன்னார்கள். ஆறு மணி நேரத்துக்குள் அது சுமார் 40,000 மூலக்கூறுகளைக் கொடுத்தது. வி.எக்ஸ். என்ற நரம்பு நச்சும் அவற்றில் ஒன்று. 2022இல் வெளியான கட்டுரையில் அவர்களே இதைச் சொல்லி எச்சரித்தார்கள். நிரல் ஒன்றேதான், நோக்கம் மட்டும் மாறியது.

சட்டம் எதுவரை?

நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2009 டிசம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. மரபணு மாற்றிய உயிர்களை வெளியில் விடுவது, இறக்குமதி செய்வது, ஆய்வுக்கூடத்துக்குள் வைத்துப் பயன்படுத்துவது எல்லாம் இதன் கீழ் வரும். எங்கள் நிரல் எந்த உயிரையும் உருவாக்கவில்லை. ஆகவே இந்தச் சட்டம் எங்களை நேராகத் தொடாது. அப்படியென்றால் எங்களுக்குப் பொறுப்பு இல்லையா?

சட்டப்படி சரியாக நடந்த ஒன்றைப் பாருங்கள். 2010 டிசம்பர் 21ஆம் தேதி, பகாங்கின் பெந்தோங்கில் ஆளில்லாத காட்டுப் பகுதியில், மரபணு மாற்றிய சுமார் 6,000 ஆண் ஏடிஸ் கொசுக்கள் சோதனைக்காக விடப்பட்டன. ஆண் கொசு கடிக்காது. அதன் வாரிசுகள் வளர்வதற்குள் இறந்துவிடும். டிங்கி குறையும் என்பது திட்டம். தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியத்தின் அனுமதியும் இருந்தது. ஆனால் சோதனை முடிந்துவிட்ட செய்தி பொதுமக்களுக்கு 2011 ஜனவரி இறுதியில்தான் தெரிந்தது. அனுமதி கிடைத்தபோதே எதிர்த்த அமைப்புகளில் நம் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் ஒன்று. அறிவியல் நல்லதாகவே இருக்கலாம். ஆனாலும் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்வதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

நாங்கள் மாற்றியவை

1. உள்ளிடும் புரதத்தை, விடை தருவதற்கு முன் ஆபத்தான கிருமிகளின் பட்டியலோடு ஒப்பிடுகிறோம். இதற்கான கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

2. பொருத்தம் தெரிந்தால் நிரல் நின்றுவிடும். பயன்படுத்துபவர் தன் நிறுவனத்தையும் நோக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆலோசகர் பார்த்த பிறகே விடை.

3. செயல்விளக்கத்துக்கு ஒளிரும் பச்சைப் புரதம் போன்ற தீங்கற்றவற்றை மட்டுமே பயன்படுத்துகிறோம்.

4. பிறர் உள்ளிடும் ஆய்வுத் தரவைச் சேமித்து வைப்பதில்லை. அனுமதி கேட்டவரின் விவரம் மட்டும் ஆலோசகரிடம் பூட்டி வைக்கப்படும்.

5. "இந்த விடையை உயிரணுவில் பயன்படுத்துமுன் உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவைக் கேளுங்கள்" என்று விடைக்கு மேலேயே எழுதியிருக்கிறோம்.

இதனால் எங்கள் வேலை ஆறு வாரம் தள்ளிப்போனது. போட்டியில் ஒரு பிரிவுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பையும் இழந்தோம். குழுவில் வாக்குவாதம் வந்தது. "கெட்டவன் வேற வழியில எடுத்துக்கமாட்டானா?" என்று ஒருவன் கேட்டான். எடுத்துக்கொள்ளலாம். பூட்டை உடைக்கத் தெரிந்தவன் இருக்கிறான் என்பதற்காக யாரும் கோயில் உண்டியலைத் திறந்து வைப்பதில்லையே. அகிம்சை என்றால் நான் அடிக்காமல் இருப்பது மட்டும் அல்ல, என் கையிலிருந்து போகும் பொருள் அடிக்காமல் பார்த்துக்கொள்வதும்தான் என்று அன்று எனக்குப் புரிந்தது.

திருப்பி அனுப்பிய படிவத்தில் இப்போது ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

வகுப்பில் கலந்துரையாட

1. நீங்கள் செய்யும் அல்லது பகிரும் ஒரு பொருளை (செயலி, காணொளி, இயந்திரம் எதுவானாலும்) தவறாகப் பயன்படுத்த முடியுமா? எப்படி?

2. சட்டம் தடுக்காத ஒன்றை நாமே தடுத்துக்கொண்ட அனுபவம் உண்டா? அதற்கு என்ன விலை கொடுத்தீர்கள்?

3. பெந்தோங் சோதனையை நீங்கள் நடத்தியிருந்தால், யாரிடம், எப்போது, எந்த மொழியில் சொல்லியிருப்பீர்கள்?