சிறுநீரக ஸி.டி. ஸ்கேன்: கூச்சப்படாமல் சொல்லுங்கள்



விலாவில் தொடங்கி அடிவயிறு வரை குத்தி இழுக்கும் கல்லடைப்பு வலிக்கும், சிறுநீரில் ரத்தம் போவதற்கும் காரணம் கண்டுபிடிக்க, ஸி.டி. ஸ்கேன் எடுத்து வரும்படி டாக்டர்கள் எழுதிக் கொடுப்பதுண்டு. உடம்பைச் சுற்றிச் சுற்றி எடுத்த எக்ஸ்ரே படங்களைக் கம்ப்யூட்டர் ஒன்றுசேர்த்து, குறுக்கே அரிந்து பார்த்ததுபோல் காட்டும் சோதனை இது. 1971-ல் இங்கிலாந்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. கல் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதைச் சில நிமிஷங்களில் காட்டிவிடும்.

ஆனால் ஸ்கேன் அறைக்குள் போகும் முன் நாம் வாய் திறந்து சொல்ல வேண்டிய சில விஷயங்கள் உண்டு. துணை சுகாதார நிலையத்துக்கு வந்த ஒரு கணவன் மனைவியின் பேச்சைக் கேளுங்கள்.

மனைவி: நர்ஸம்மா, ரெண்டு நாளா விலாவுல குத்தி இழுக்குது. கல்லா இருக்கும்னு டாக்டர் ஸ்கேன் எழுதியிருக்காரு. எடுத்தா வலிக்குமா?

நர்ஸ்: வலிக்காதும்மா. மேஜை மேலே படுத்துக்கணும். மேஜை ஒரு பெரிய வளையத்துக்குள்ளே போய் வரும். மூச்சை அடக்கச் சொன்னா அடக்கணும், அவ்வளவுதான். கல்லை மட்டும் பார்க்கிறதுக்கு ஊசிகூட வேண்டியதில்லை. அது இருக்கட்டும், நீ கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சே?

மனைவி: (தயங்கி) நாள் தள்ளிப் பன்னிரண்டு நாள் ஆச்சு. டாக்டர் கேட்டப்போ சும்மா தலையாட்டிட்டேன். ஆம்பளை டாக்டர், கூச்சமா இருந்தது.

கணவன்: எங்கிட்டகூடச் சொல்லலையே!

நர்ஸ்: இதைத்தான் முதல்ல சொல்லணும். வயித்துல ஸி.டி. எடுத்தா எக்ஸ்ரே கதிர் கரு மேலேயும் படும். சந்தேகம் இருந்தா முதல்ல சிறுநீர்ப் பரிசோதனை. அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

பரிசோதனையில் இரண்டு கோடுகள் விழுந்தன. மனைவி கர்ப்பமாக இருந்தாள்.

நர்ஸ்: டாக்டரிடம் உடனே சொல்லுங்க. கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற ஒலி அலை ஸ்கேன்லேயே முதல்ல கல்லைத் தேடுவாங்க. அதுல எக்ஸ்ரே கதிர் கிடையாது.

கணவன்: தெரியாம எடுத்திருந்தா கருவைக் கலைக்கணுமா?

நர்ஸ்: வேண்டாம் ஐயா. ஒரு தடவை எடுக்கிற ஸ்கேன்ல படுற கதிர், பொதுவா குழந்தைக்கு ஊனம் உண்டாக்கும் அளவுக்கு இருக்காது. பயந்துபோய்க் கலைக்க ஓடக் கூடாது. டாக்டரிடம் ஆலோசனை கேட்கணும். தவிர்க்க முடிஞ்சதைத் தவிர்க்கிறோம், அவ்வளவுதான்.

கணவன்: (மெதுவாக) எனக்கும் ஒண்ணு கேட்கணும். போன மாசம் ரெண்டு தடவை சிறுநீர் சிவப்பாப் போச்சு. வலி இல்லை. சூடுன்னு நினைச்சு இளநீர் குடிச்சேன், நின்னுடுச்சு.

நர்ஸ்: பீடி உண்டா?

கணவன்: இருபது வருஷமா உண்டு.

நர்ஸ்: நின்னுடுச்சுன்னு விடக் கூடாது ஐயா. வலியில்லாம ரத்தம் போறது சில சமயம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம். புகை பிடிக்கிறவங்களுக்கு அந்த ஆபத்து அதிகம். சீக்கிரம் கண்டுபிடிச்சா குணப்படுத்த வழி உண்டு. உங்களுக்குத்தான் ஸி.டி. தேவைப்படலாம். கையில மருந்து ஊசி போட்டு எடுப்பாங்க. உடம்பு சூடாகும், வாயில உலோக ருசி தெரியும், சிறுநீர் போயிட்ட மாதிரி தோணும். கொஞ்ச நேரத்துல அடங்கிடும்.

கணவன்: கதிர் பட்டா ஆண்மை போயிடும்னு சொல்றாங்களே?

நர்ஸ்: வெறும் வதந்தி. ஆண்மையும் போகாது, பிள்ளைப்பேறும் கெடாது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மூணு நாலு வருஷத்துல நம்ம மேல இயற்கையாப் படுற கதிர் அளவுதான் சாதாரண வயித்து ஸ்கேன் ஒண்ணுல படுது. மருந்து போட்டுப் பல தடவை படம் எடுத்தா அளவு கூடும். அதனாலே தேவைக்கு எடுக்கணும், சும்மா எடுக்கக் கூடாது. பழைய படத்தைப் பத்திரமா வெச்சிருந்து காட்டுங்க.

தம்பதிகளே, ஸ்கேனுக்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை:

1. நாள் தள்ளிப் போயிருந்தால் சொல்லுங்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருந்தாலும் மறைக்க வேண்டாம்.

2. முன்பு ஸ்கேன் மருந்து ஊசியால் அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால் சொல்லுங்கள். ஆஸ்துமா இருந்தாலும் சொல்லுங்கள்.

3. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் இருந்தால் சொல்லுங்கள். ஊசிக்கு முன் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லுங்கள். நீங்களாக அதை நிறுத்த வேண்டாம்.

4. தாய்ப்பால் கொடுப்பவர் சொல்லுங்கள். ஊசி மருந்தில் மிகச் சிறிதளவே பாலில் சேரும். பொதுவாகப் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை.

5. காப்பர்-டி போட்டிருந்தால் சொல்லுங்கள். படத்தில் அது தெரியும். அதைக் கழற்ற வேண்டியதில்லை.

கல்லடைப்பு வலியோடு குளிர் காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் காலையாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கணவனும் மனைவியும் சேர்ந்தே டாக்டரிடம் போங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்லலாம்.

மறைத்தால் ஆபத்து! சொன்னால் பாதுகாப்பு!