கைப்பேசியின் இரு வாயில்கள்

நம் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. ஆயின், அதனுள் செயலிகள் எவ்வழியாக வந்து சேர்கின்றன என்பதை அறிந்தோர் சிலரே. அதனை இப்பாடத்தில் காண்போம்.

கைப்பேசியின் பணிகள் அனைத்தையும் நடத்தும் அடிப்படை நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். இன்று பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ளவை இரண்டே. ஆப்பிள் நிறுவனத்தின் ஐஓஎஸ் ஐபோனில் மட்டும் உண்டு. கூகல் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டைச் சாம்சுங் முதலிய பல நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன.

ஐபோன், காவலர் நிற்கும் ஒரே வாயிலை உடைய மாளிகை போன்றது. 2008 ஜூலையில் திறக்கப்பட்ட ஆப் ஸ்டோரே அவ்வாயில். ஆப்பிள் சோதித்து ஒப்பிய செயலிகளே அதன்வழி நுழையும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 முதல் சட்டம் வேறு வாயில்களையும் திறக்கச் செய்தது. ஆண்ட்ராய்டிலும் கூகல் பிளே என்னும் முன்வாயில் உண்டு. ஆயின், உரிமையாளர் இசைந்தால் பிற இடத்துச் செயலியையும் பக்கவாயில் வழியே ஏற்கலாம்.

கட்டுப்பாடு குறைவதால் விளையும் நன்மைக்கு நம் தமிழே சான்று. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கல் நாளில் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. கைப்பேசியில் தமிழில் எழுத அது வழிவகுத்தது. பின்னர் இவ்விரு தளங்களுக்கும் வந்தது. பிறர் செய்த விசைப்பலகையை எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்த ஆண்ட்ராய்டு 2009 முதலே இடமளித்தது. ஐபோன் 2014இல்தான் இடமளித்தது. அதுவரை ஐபோனில் செல்லினத்தைப் பயன்படுத்தியோர் அதன் உள்ளே எழுதி, பின்னரே பிற இடங்களுக்கு எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது.

ஆயினும், கதவு திறந்திருந்தால் விருந்தினரும் வருவர், கள்வரும் வருவர். 2023இல் மோசடிக்காரர்கள், வீட்டுத் துப்புரவுப் பணி, உணவுப் பொருள் எனச் சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்தனர். ஆவலுடன் கேட்டவர்களுக்கு வாட்ஸ்அப் வழியே ஏபிகே என்னும் கோப்பை அனுப்பினர். அதனை நிறுவிய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் கள்வர் வசமாயின. வங்கி அனுப்பும் மறைச்சொல்லும் அவர்கள் கண்ணிற் பட்டது. சிங்கப்பூரில் அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 1,900 சம்பவங்களில் 34 மில்லியன் வெள்ளி பறிபோயிற்று. மத்திய சேம நிதிப் பணத்தை இழந்தோரும் உளர்.

2024 பிப்ரவரியில் கூகலும் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பும் இணைந்து, பக்கவாயிலுக்கும் காவல் வைத்தன. குறுஞ்செய்தியைப் படிக்கவும் திரையைக் கட்டுப்படுத்தவும் உரிமை கோரும் வெளிச் செயலிகளைத் தடுக்கும் முறை, முதன்முதலாக இங்கேதான் தொடங்கப்பட்டது.

தொழிலாளத் தோழர்களே! வியர்வை சிந்திச் சேர்த்த பணம் ஒரு விரல் தொடுதலில் மறையலாம். காவலர் எத்தனை பேர் நின்றாலும் கதவைத் திறப்பது நம் விரலே. அறியாதவர் அனுப்பும் கோப்பை நிறுவாதீர். ஐயம் எழுந்தால் 1799 என்னும் எண்ணை அழைத்துக் கேளுங்கள். பிள்ளைகளே, இப்பாடத்தை இன்றே வீட்டிற் படித்துக் காட்டுங்கள்.

பயிற்சி

1. ஒரே வாயிலால் விளையும் நன்மை ஒன்றும் குறை ஒன்றும் கூறுக.
2. உங்கள் வீட்டுக் கைப்பேசியின் இயங்குதளம் யாது?
3. அறியாதவர் ஏபிகே கோப்பை அனுப்பினால் என்ன செய்வீர்கள்?