மின்சாரம் தரும் கண்ணாடிக் கூரை

வெளியே நண்பகல் வெயில் சுட்டெரிக்கிறது. அலுவலகத்தின் உள்ளேயோ சன்னல் திரைகள் மூடப்பட்டு, மின்விளக்குகள் எரிகின்றன. இக்காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இலவசமாகக் கிடைக்கும் வெளிச்சத்தைத் தடுத்துவிட்டு, விளக்கொளிக்குக் கட்டணம் செலுத்துகிறோம். ஏன் இந்த நிலை?

சூரிய ஒளியோடு வெப்பமும் சேர்ந்தே வருகிறது. பெரிய கண்ணாடிகள் வழியாக வெயில் நேரே நுழைந்தால் அறை சூடாகும்; கண் கூசும்; கணினித் திரையில் உள்ள எழுத்துகள் மங்கலாகத் தெரியும். குளிர்சாதனக் கருவிக்கும் வேலை கூடும். ஆகவேதான் திரையை மூடிவிடுகிறோம்.

இச்சிக்கலைக் குறைக்க உதவுவது, ஓரளவு ஒளிபுகும் சூரியக் கண்ணாடியாகும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சூரியக் கலங்களை இடைவெளி விட்டுப் பதித்து இதனை உருவாக்குகின்றனர். கலங்களின்மீது விழும் ஒளியின் ஒரு பகுதி மின்சாரமாக மாறுகிறது. இடைவெளிகள் வழியாக வரும் ஒளி, அறைக்கு வெளிச்சம் தருகிறது. தென்னை மரத்தடியில் நின்று பாருங்கள். கீற்றுகள் வெயிலைத் தடுத்தாலும் அவற்றின் இடுக்குகளில் வெளிச்சம் சிந்தும் அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

சிலாங்கூர் மாநிலத்தின் பண்டார் பாரு பாங்கியில், 2007ஆம் ஆண்டில் பசுமை ஆற்றல் அலுவலகக் கட்டடம் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நடுக்கூடத்தின் கூரையில் இத்தகைய கண்ணாடி பொருத்தப்பட்டுள்ளது. அக்கூரையின் மின் உற்பத்தித் திறன் 11.64 கிலோவாட். கட்டடத்தின் மற்றச் சூரியத் தகடுகளையும் சேர்த்தால் மொத்தத் திறன் 92 கிலோவாட் ஆகும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் நாட்டில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சியில் நிற்கும். எனவே, செங்குத்தான சுவரைவிடக் கூரையே அதிக ஒளியைப் பெறுகிறது.

எனினும், இக்கண்ணாடியைக் கணக்கறிந்து பயன்படுத்த வேண்டும். கலங்களை நெருக்கமாகப் பதித்தால் மின்சாரம் கூடும். ஆனால், அறை இருண்டுவிடும். அப்போது விளக்கைப் போட நேரிடும்; கிடைத்த மின்சாரத்தில் ஒரு பகுதி அதற்கே செலவாகும். இடைவெளியைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், மின்சாரம் குறையும், வெப்பமும் மிகுதியாக உள்ளே வரும்.

ஆகவே, ஒரு கண்ணாடி எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று மட்டும் கேட்பது போதாது. அதன்கீழ் அமர்ந்து வேலை செய்பவர், பகலில் விளக்கைப் போடாமல் படிக்க முடிகிறதா என்றும் கேட்க வேண்டும். உங்கள் வகுப்பறையில் இன்று பகலில் எத்தனை விளக்குகள் எரிகின்றன? அவை அனைத்தும் தேவைதானா? எண்ணிப் பாருங்கள்.